தியாகராசா அண்ணையின் பேரில் நான் வைத்த நேர்த்தி

ரிவியில் பேஸ்போல், ஒன்பதாவதும் கடைசியுமான இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆள் போனால் ஆட்டம் முடிந்தது. மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள், ஆனால் நாங்கள் மூன்று ஓட்டம் பின்னால். அடிக்க வந்தவனோ அந்தக் கிழமை முழுக்கப் பந்தைக் கண்ணாலும் கண்டிராதவன். அந்த நேரத்தில்தான் நான் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பி, மொன்றியலில், வில்லரேயில் உள்ள அந்தச் சின்னப் பியர்க்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"றிகோ மாதாவே! இந்த ஒரு பந்தை மட்டும் அடிக்க வை தாயே! தியாகராசா அண்ணை இண்டையோட குடியை விட்டிடுவார்!"

நான் விடுவேன் என்று கத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த ஆபத்திலும் என் மூளை எனக்குத் துரோகம் செய்ததில்லை. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் செய்யும்.

அவன் அடித்தான். பந்து எழும்பிப் போய்க்கொண்டே இருந்தது. சுவருக்கு அப்பால் சனத்துக்குள் விழுந்தது. நாலு ஓட்டம். ஆட்டம் முடிந்தது. நான் துள்ளினேன். துள்ளியதில் என் முழங்கால் மேசையில் இடித்து, ருசி பார்க்கவென்று பலகைத் தட்டில் வரிசையாக நின்ற நாலு சின்னக் கிளாஸும் கவிழ்ந்தன. நாலு நிறத்துப் பியரும் அண்ணையின் மடியிலும், அவர் மடியில் விரித்து ஆட்டத்தை எழுதிக்கொண்டிருந்த கொப்பியிலும் போய்ச் சேர்ந்தன.

கடையில் ஒரே கூத்து. அண்ணை மட்டும் எழும்பவில்லை. கொப்பியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினார். கறுத்த பியர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. அன்று அவர் வழக்கத்துக்கு மாறாக அயன் பண்ணின வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதிலும் இலங்கைத் தீவின் வடிவத்தில் ஒரு கறை. என்னை ஒரு முறை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார். பிறகு தன் முன்னால் பாதி மிச்சமாக நின்ற கிளாஸை ஒரு விரலால் மேசை நடுவுக்குத் தள்ளினார்.

"சரி அன்டன். வைச்ச நேர்த்தி வைச்சதுதான்."

"அண்ணை, நான் பகிடிக்கெல்லோ..."

"மாதாவோட பகிடி விடுறியோ?"

அண்ணை எழும்பினார். நனைந்த கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெற்றோவுக்கு நடந்தார். அடுத்த ஞாயிறு அவருடைய கதிரை காலியாக இருந்தது.

தியாகராசா அண்ணைக்கு அறுபத்தாறு வயது, எனக்கு ஐம்பத்துமூன்று. புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுஸில் பதினேழு வருடம் இருவரும் ஒன்றாகப் பெட்டி ஏற்றினோம். இரண்டு வருடத்துக்கு முன்னர் அவர் ஓய்வெடுத்தார். நான் இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் யாழ்ப்பாணத்துச் சைவம், நான் மன்னாரில் இருந்து வந்த கத்தோலிக்க வேதக்காரன். அவர் லொங்குய்யில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். எங்களுக்கு ஒரே ஒரு பொதுச் சொத்து பேஸ்போல்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். காணிச் சண்டையில் கோபித்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனது, பிறகு ஊர்ப்பக்கம் திரும்பவேயில்லை. இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தை அண்ணை சொல்வார் என்று நான் முந்தி சொல்வதுண்டு.

அண்ணை மொன்றியலுக்கு அகதியாக வந்த முதல் கோடையிலேயே ஸ்ரேடியத்தில் வேலை எடுத்தவர். ஆட்டம் முடிந்ததும் சனம் தின்று எறிந்த கச்சான் கோது கூட்டுகிற வேலை. ஆட்டம் முடியட்டும் என்று தும்புத்தடியோடு காத்து நின்று காத்து நின்றே ஆட்டத்தைப் படித்துவிட்டார். அப்போது எக்ஸ்போஸ் என்று மொன்றியலுக்கே சொந்தமான அணி ஒன்று இருந்தது. அது 2004இல் ஊரை விட்டே போய்விட்டது. அண்ணை பதினைந்து வருடம் துக்கம் காத்தார். பிறகு நான்தான் வேலைத்தலத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் போனைக் காட்டிக் காட்டி, ரொறொன்ரோவின் புளூ ஜேய்ஸ் பக்கம் அவரை இழுத்தேன். மொன்றியலில் இருந்துகொண்டு ரொறொன்ரோவுக்குக் கத்துவது, மாமியார் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அடுத்த வீட்டு ரசத்தைப் புகழ்வது மாதிரி. ஆனாலும் கத்தினோம். ஆறு வருடம், கோடை முழுக்க, ஞாயிறு மத்தியானங்களில், அதே கடையில், அதே சுவரோர மேசையில்.

கடை சொந்தமாகவே பியர் காய்ச்சுகிற கடை. கண்ணாடிக்குப் பின்னால் பெரிய வெள்ளித் தாழிகள் தெரியும். பலகையில் பன்னிரண்டு பியரின் பெயர்கள் சோக்கால் எழுதியிருக்கும். ஒவ்வொரு கிழமையும் பெயர் மாறும். பரிமாறுகிறவள் ஆர்த்திகா, பல்கலைக்கழகத்தில் படிக்கிற எங்கள் பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முன்னர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களைக் கண்டதும் அவள் பயந்தாள், அவளைக் கண்டதும் நாங்கள் பயந்தோம். அவளுடைய அம்மாவுக்கு நாங்கள் சொல்லமாட்டோம், எத்தனை கிளாஸ் என்று எங்கள் மனுசிமாருக்கு அவள் சொல்லமாட்டாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லாமலே ஓர் ஒப்பந்தம் வந்தது.

அந்த முதல் நாள் அவள் ஒரு வெளிர்மஞ்சள் பியரைக் கொண்டுவந்து வைத்து, "இது பிளான்ஷ், அங்கிள். இதுக்குள்ள கொத்தமல்லியும் தோடம்பழத் தோலும் போட்டுக் காய்ச்சியிருக்கு" என்றாள்.

அண்ணை ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"பிள்ளை, இது பியர் இல்லை. தடிமனுக்கு என்ரை அம்மா அவிச்சுத் தந்த குடிநீர். இஞ்சியை மட்டும் மறந்திட்டினம்."

ஆனாலும் அதன் பிறகு அவர் அதைத்தான் குடித்தார். எனக்குக் கசப்பாக இருக்கவேண்டும். வேப்பம்பட்டையைச் சப்புவது போல இருந்தால்தான் குடித்த மாதிரி. அவர் தன் குடிநீரை உறிஞ்சிக்கொண்டு, சதுரக் கொப்பியில் ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் எழுதுவார். யார் அடித்தான், யார் பிடித்தான், எப்படி அவுட் ஆனான் எல்லாம். மூன்று முறை வீசித் தவறவிட்டால் 'கே' என்ற ஆங்கில எழுத்து. மட்டையைத் தோளில் வைத்தபடி பந்தைப் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அதே 'கே'யைத் திருப்பிப்போட்டு எழுதவேண்டும்.

"வீசித் தோத்தவனுக்கும் நிண்டு பாத்துத் தோத்தவனுக்கும் வித்தியாசம் வேணுமெல்லோ" என்பார்.

அந்த ஆளைத்தான் நான் ஒரே கத்தலில் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

முதல் ஞாயிறு போன் எடுத்தேன். அவருடைய மனைவி இந்திராதேவி அக்கா எடுத்தார்.

"அண்ணை நிக்கிறாரோ அக்கா?"

"அவர் குளிக்கிறார் தம்பி."

இரண்டாவது ஞாயிறும் அவர் குளித்தார். மூன்றாவது ஞாயிறும் குளித்தார். நாலாவது ஞாயிறு, "இண்டைக்கும் குளிக்கிறாரோ?" என்று நானே கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்து, "ஓம், இப்பத்தான் போனவர்" என்றார். பின்னணியில் அண்ணை இருமுவது நல்ல தெளிவாகக் கேட்டது. எந்தக் குளியலறையில் இவ்வளவு பெரிய ரிவிச் சத்தம் இருக்கும்?

ஒரே ஒருமுறை அவரே எடுத்துவிட்டார்.

"அண்ணை, வாற ஞாயிறு வாறியளோ? குடிக்காட்டிலும் பரவாயில்லை. வந்து சும்மா இருங்கோ."

"பாப்பம்."

"பாப்பம் எண்டால் வருவியளோ, வரமாட்டியளோ?"

"பேந்து கதைக்கிறன் அன்டன். அடுப்பிலை பால்."

எனக்கு நித்திரை கெட்டது. சிரிக்காதீர்கள். நாற்பது வருடமாக ஒரு மனிதன் அளவாகக் குடித்து, ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல் கிழமைக்கு ஒரு மத்தியானம் சந்தோசமாக இருந்தான். அதை நான் ஒரு ஹோம் ரன்னுக்கு விற்றுவிட்டேன். அதுவும் ஜூலை மாதத்து ஆட்டம். ஜூலை வெற்றியை ஞாபகம் வைத்திருக்கிறவன் யார்?

என் மனைவி செலீனிடம் சொன்னேன். ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தேன்.

"மற்ற மனுசன்ரை குடியை விடவைச்சு மாதாவிட்டை நீங்கள் நல்ல பேர் வாங்கப் பாத்தனீங்களோ? உங்கடை வாய் வழிய உங்கடை குடி வராதோ?"

பங்குச் சுவாமியிடம் போனேன். பூசை முடிந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தவரை மறித்து, மற்றவர் பேரில் வைத்த நேர்த்தி செல்லுமா, செல்லாதா என்று கேட்டேன்.

"மற்றவருக்காகச் செபிக்கலாம் அன்டன். மற்றவருக்காக ஒறுத்தல் செய்யலாம். மற்றவரைக் கொண்டு ஒறுத்தல் செய்விக்கிறது..." சுவாமி நாடியைத் தடவினார். "கொஞ்சம் சிக்கலான கேள்வி."

"அப்ப செல்லாது எண்டு அண்ணைக்கு ஒரு வசனம் சொல்லிவிடுறியளோ, சுவாமி?"

"ஒருத்தர் குடியை விட்டிருக்கிறார். நல்ல விசயம். அதை நான் போய்க் கெடுக்கிறதோ? நீரும் கொஞ்சம் யோசியும்."

சைவர் அல்லவா, அவருடைய பக்கத்திலும் கேட்டுப்பார்ப்போம் என்று கோயில் ஐயரிடமும் போனேன். ஐயர் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். எத்தனையாவது இன்னிங்ஸ் என்றுகூடக் கேட்டார். கடைசியில், "நேர்ந்தது அங்கை. தீர்வும் அங்கைதான்" என்று எங்கள் வேதக் கோயில் பக்கமாகக் கையைக் காட்டினார். பக்கத்துக் கவுண்டருக்கு அனுப்புகிற அரசாங்க அலுவலர் மாதிரி.

ஆகவே ஓகஸ்ட்டில் நான் நேரே தலைமை அலுவலகத்துக்கே போனேன். மொன்றியல் தமிழருக்கு றிகோவைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் காரில் போனால் மலைச்சரிவில் மாதா நிற்கிறார். எங்கள் சனம் சேலையும் சோற்றுப் பார்சலுமாகப் போய் இறங்கும். அரைவாசிப்பேர் சைவர்கள். அந்தச் சனத்துக்குள் நானும் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு மாதாவோடு பேரம் பேசினேன்.

"தாயே, ஆளை மாத்து. அவரை விடு, என்னைப் பிடி. சீசன் முடியுமட்டும் நான் தொடமாட்டன்."

சீசன் முடியும் மட்டும் என்று ஏன் எல்லை வைத்தேன் என்று கேட்காதீர்கள். வாய் வழியாக அவ்வளவுதான் வந்தது. மாதாவும் நேராக ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சின்னக் காற்று அடித்து என் மெழுகுதிரியை அணைத்தது. அதை ஓம் என்று எடுப்பதா, இல்லை என்று எடுப்பதா? சரி, ஓம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஆர்த்திகாவிடம் மதுசாரம் இல்லாத பியர் கேட்டேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

"சுகமில்லையோ அங்கிள்?"

விசயத்தைச் சொன்னேன். அவள் கிளாஸைத் துடைத்தபடி முழுவதையும் கேட்டாள்.

"அப்ப இப்ப ரெண்டு பேரும் குடிக்கிறேல்லை. ஆனா அவர் இன்னும் வரேல்லை."

"ஓம்."

"மே வொய்யோன், இதென்ன கதை அங்கிள்! அவற்ற வீட்டுக்குப் போய் நேரா கேக்கலாம்தானே?"

இருபத்தொரு வயது. நேராகக் கேட்கலாம் என்று நினைக்கிற வயது. எங்கள் ஆட்களிடம் நேராகக் கேட்டால் தேத்தண்ணிதான் வரும், பதில் வராது என்று அவளுக்கு எப்படி விளக்குவேன்?

கேட்கப் போவதற்கு ஒரு சாட்டு வேண்டுமே. மூலைக்கடையான டெப்பனேரில் ஒரு கொப்பி வாங்கி நானே ஆட்டத்தை எழுதத் தொடங்கினேன். ஆறு ஞாயிறு எழுதினேன். சதுரத்துக்குள் என்ன எழுதுவது என்று தெரியாத இடங்களில் கேள்விக்குறி போட்டேன். மூன்றாவது ஞாயிறோடு கேள்விக்குறிகள்தான் முன்னணியில் நின்றன. ஆட்டத்தைப் பார்க்கவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. எதிரில் அந்தக் காலிக் கதிரை. கடையில் இடம் இல்லாத நேரங்களில் யாராவது வந்து, "இது எடுக்கலாமா?" என்று பிரெஞ்சில் கேட்பார்கள். ஆள் வருவார் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கே அது பொய் மாதிரிக் கேட்கத் தொடங்கியது.

செப்டெம்பர் கடைசி ஞாயிறு, சீசனின் கடைசி நாள். கொப்பியை எடுத்துக்கொண்டு மஞ்சள் கோட்டு மெற்றோவில் ஆற்றைக் கடந்து, பஸ் எடுத்து, அண்ணையின் வீட்டு வாசலில் போய் நின்றேன். முன் புற்றரையில் இரண்டு துளைகள் இருந்தன. ஏதோ கன்று நட்டுப் பிறகு பிடுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இந்திராதேவி அக்கா கதவைத் திறந்து என்னைக் கண்டதும் ஒரு கணம் அப்படியே நின்றார்.

"அவர் குளிக்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு வாங்கோ அன்டன் தம்பி" என்றார்.

உள்ளே போனேன். வீடு முழுக்கப் புதுப் பெயின்ற் மணம். சுவர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. சோபா இல்லை. கண்ணாடி அலுமாரி இல்லை. மகன் பிரணவனின் பட்டமளிப்புப் படம் இல்லை. வரிசையாக இருந்த சாமிப் படங்களும் இல்லை, அவை தொங்கிய ஆணித் துளைகளையும் அடைத்துப் பூசியிருந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளையார் மட்டும் குசினி மேசையில், பழைய பேப்பரின் மேல், என்னைப் போலவே ஒன்றும் விளங்காமல் இருந்தார். அக்கா எனக்குத் தேத்தண்ணியைக் காகிதக் கோப்பையில் தந்தார்.

இதை வாசிக்கிற உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது வேறு. மனுசன் துறவியாகிவிட்டார்! முதலில் பியரை விட்டார், பிறகு சோபாவை விட்டார், இப்போது கோப்பை சாசர் வரைக்கும் வந்துவிட்டார். என் ஒரு கத்தல் ஒரு குடும்பத்தையே காசிக்கு அனுப்புகிறது.

"அக்கா," என்றேன். "எல்லாம் என்னாலைதான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஐயோ, உங்களாலை என்ன தம்பி?" அக்காவின் கண் கலங்கியது. "அவர் கீழை நிக்கிறார். நீங்களே போய்க் கதையுங்கோ. எனக்கு இனிமேல் அவர் குளிக்கிறார் எண்டு சொல்ல ஏலாது."

நிலக்கீழ் அறைக்கு இறங்கினேன். ரிவி தரையில் இருந்தது. அதற்கு முன்னால் கவிழ்த்துப்போட்ட பால் பெட்டியில் அண்ணை உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் அவருடைய கொப்பி. ஜூலையில் நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரிப் பொருமியிருந்தது. ஒரு கையில் பென்சில். மற்றக் கையில் பியர்க் கான்.

இருவரும் அந்தக் கானைப் பார்த்தோம்.

"அண்ணை! நேர்த்தி?"

"என்ன நேர்த்தி?"

"றிகோ மாதாவுக்கு வைச்ச..."

"அது உன்ரை வாய், உன்ரை நேர்த்தி, உன்ரை மாதா. அதுக்கு நான் என்ன செய்ய? நான் அடுத்த நாள் திங்கட்கிழமை பின்னேரமே குடிச்சிட்டன்."

"நான் ஆறு கிழமையாப் பச்சைத்தண்ணி மாதிரி ஒரு பியரைக் குடிச்சுக்கொண்டு இருக்கிறன்! உங்களை விடச் சொல்லி, உங்களுக்குப் பதிலா என்னை மாதாவிட்டை வைச்சனான்!"

"ஆர் உன்னை வைக்கச் சொன்னது?" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. கானைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஆறு கிழமையோ? மடையன்."

சந்தோசப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் பட்டேன். பிறகுதான் அடுத்த கேள்வி எனக்கு வந்தது. என் மூளை மெற்றோ மாதிரி, வரும், ஆனால் நின்று நின்றுதான் வரும்.

"அப்ப ஏன் அண்ணை நீங்கள் கடைக்கு வரேல்லை?"

"கையிலை என்ன, கொப்பியோ? கொண்டா பாப்பம்."

வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார்.

"இதென்ன, எல்லா இடமும் கேள்விக்குறி? இந்த ஆள் எப்படிப் போனவன்? வீசினவனோ, நிண்டு பாத்தவனோ?"

"நிண்டு பாத்தவன்."

"அப்ப கே-யைத் திருப்பிப் போடு." தானே திருத்தினார். அடுத்த சதுரத்துக்குப் போனார். அதற்கடுத்த சதுரத்துக்கும் போனார். நான் கேட்ட கேள்வியைத் தாண்டி ஒவ்வொரு சதுரமாக நகர்ந்துகொண்டிருந்தார். அவருடைய பென்சிலைப் பார்க்க மாட்டாமல் நான் முகத்தைத் திருப்பினேன். அப்போதுதான் சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைக் கண்டேன். பதினேழு வருடம் பெட்டி ஏற்றியவர் அடுக்கியவை. கனமானவை கீழே, எழுத்து வெளிப்பக்கம். கறுப்பு மையில் ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது: பிரணவன் வீடு, குசினி. பிரணவன் வீடு, சாமிப் படம். பிரணவன் வீடு, குளிர் உடுப்பு.

பிரணவன் இருப்பது ரொறொன்ரோவில், ஸ்காபரோவில்.

"அண்ணை," என்றேன். "இது என்ன?"

பென்சில் நின்றது. ரிவியில் யாரோ ஒருவன் அடித்தான். சனம் கத்தியது. நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

"நீ நேர்த்தி வைச்சியே, அண்டைக்குக் காலமைதான் வீடு விக்கிற பெடியன் வந்து படமெடுத்தவன். அதுக்குத்தான் அயன் பண்ணின சட்டை போட்டனான். உன்னட்டைச் சொல்லத்தான் கடைக்கு வந்தனான். ஒன்பதாவது இன்னிங்ஸ் முடியட்டும், சொல்லுவம் எண்டு இருந்தன். நீ எல்லாத்தையும் ஊத்திப்போட்டாய்."

"நான் பியரைத்தானே அண்ணை ஊத்தினனான்!"

"ஓம். ஆனா எனக்கு ஒரு சாட்டுக் கிடைச்சுது. உன்ரை நேர்த்தியாலைதான் நான் வரேல்லை எண்டு நீ நினைச்சாய். நினைக்கட்டும் எண்டு விட்டன். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவம் எண்டு போனுக்குக் கிட்டப் போவன். பிறகு குளிக்கப் போயிடுவன்."

"உண்மையாவே குளிச்சனீங்களோ?"

"ரெண்டு தரம்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். காகிதக் கோப்பை கையில் நசுங்கி மிச்சத் தேத்தண்ணி சப்பாத்தில் வழிந்தது.

"பிரணவனுக்கு மார்கழியிலை பிள்ளை பிறக்கப்போகுது," என்றார். "உன்ரை அக்காவுக்கு இந்தப் படியும் பனியும் ஏலாது. போன மாசியிலை வாசலிலை விழுந்தவள், உன்னட்டைச் சொல்லேல்லை. வீடு வித்தாச்சு, முன்னுக்கு நட்ட விற்பனைப் பலகையும் பிடுங்கியாச்சு. ஐப்பசி முடிய லொறி வரும்."

"அங்கை ஸ்ரேடியம் கிட்டத்தானே உங்களுக்கு," என்றேன். பகிடி விடப் பார்த்தேன். அது பகிடி மாதிரி வரவில்லை.

"அதுதான் எனக்கு விளங்கேல்லை. நான் ரொறொன்ரோவை இஞ்சை இருந்து பாக்கிற ஆள். அங்கை போய் ஆரைப் பாக்கிறது?"

கொப்பியை மூடி என்னிடம் நீட்டினார். பிறகு, பழைய கதை ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறவர் போல, தரையைப் பார்த்தபடி கதைத்தார்.

"எக்ஸ்போஸ் போகாது, போகாது எண்டு எங்களுக்குப் பத்து வருசம் சொன்னாங்கள். கடைசி ஆட்டத்தண்டைக்கும் பக்கத்துக் கதிரையிலை ஒரு கிழவன் என்ரை தோளிலை தட்டி, ஆருக்குத் தெரியும், திரும்பி வந்தாலும் வருவினம் எண்டு சொன்னவன். நான் அதை நம்பினனான் அன்டன். படிச்ச மடையன் மாதிரி ரெண்டு வருசம் நம்பினனான். ஒருத்தரும் எங்கடை முகத்தைப் பாத்து நேராச் சொல்லேல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். இப்ப பார், நானும் அதைத்தான் செய்திருக்கிறன்."

மேலே படியின் தலைப்பில் அக்கா வந்து நிற்பது தெரிந்தது. ரிவியில் எங்கள் ஆட்கள் முன்னணியில் இருந்தார்கள். அந்த வருடம் அவர்கள் ஒக்ரோபரில் நடக்கிற கோப்பை ஆட்டங்களுக்கும் போகப் போகிறார்கள். அதற்குத்தானே கோடை முழுக்க நேர்ந்தேன். நேர்ந்தது எல்லாம் கிடைத்திருக்கிறது, வேண்டியதைத் தவிர.

எனக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கேட்கக்கூடாது என்று தெரியும். ஆனாலும் எனக்கு வாய் இருக்கிறதே.

"அண்ணை, ஞாயிறு ஞாயிறு வேண்டாம். வாற கோடையிலை ஒரு நாளைக்கெண்டாலும் வருவியளோ? அந்த மேசையை நான் பிடிச்சு வைக்கிறன். ஆர்த்திகாவிட்டைச் சொல்லி வைக்கிறன்."

"ஏன் வராமல்?" என்று மேலே இருந்து அக்கா அவசரமாகச் சொன்னார். "ஆறு மணித்தியாலம்தானே தம்பி. மாசத்துக்கு ஒருக்கால் வருவம். இஞ்சை கோயில் இருக்கு, சனம் இருக்கு. வருவார், வருவார்."

அண்ணை எட்டி ரிவியின் சத்தத்தை நிறுத்தினார். பால் பெட்டியில் இருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்து, எனக்கு ஒரு படி கீழே, என் முகத்துக்கு நேரே நின்றார். பெட்டி ஏற்றுகிற காலத்தில் கனமானதைத் தூக்க முன் மூச்சை இழுத்துப் பிடிப்பாரே, அப்படி ஒரு மூச்சை இழுத்தார்.

"இல்லை அன்டன்," என்றார். "நான் வரமாட்டன். ஆரும் கேட்டால் நீ கதிரையைக் குடு."